வீக்கத்தை வளர்ச்சி என்று நம்பியவர்கள்

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டு வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் என் காதுப் பக்கம் சாய்ந்துவிடுகிறார். "அண்ணே, நீங்க அந்த டாக்டர்கிட்ட இருந்தவர்தானே? ஒரு சின்ன சந்தேகம்." சந்தேகம் என்னவென்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் போனைக் காட்டுவார். அதில் எவனோ ஒருவன் பொம்மைப் படம் போட்டு, இப்படிப் பிடி, இப்படி இழு, இத்தனை நாளில் இவ்வளவு நீளும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். "நெசமாவே பெருசாகுமாண்ணே?"

ஆகாது. ஆகவே ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. சாம்பார் வாளியோடு ஆள் நிற்கிறார், நான் ஆண்குறிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது ஒரு பிழைப்பா?

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். அங்கே இப்போது இருக்கிற நர்சுகளும் லேப்காரர்களும், "ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு எழுதியே குடுத்துடுங்க, பக்கிரி அண்ணே. படிச்சிட்டுப் போகட்டும்" என்றார்கள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். இதைப் படித்த பிறகும் என்னிடம் போனைக் காட்டுகிறவர்களுக்கு மரியாதை கிடைக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. நன்னிலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மில் முதலாளிக்கு ஒருநாள் மூத்திரம் அடைத்துக்கொண்டது. அவரை நாகப்பட்டினத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். அங்கே இருந்த டாக்டர் மூத்திர சம்பந்தமான வியாதிகளுக்கும் ஆண்கள் சம்பந்தமான வியாதிகளுக்கும் பேர் போனவர். முதலாளியை நான் கட்டிலில் தூக்கிப் போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, "இங்க வந்துடறீங்களா?" என்று கேட்டார். வந்துவிட்டேன். கூட்டினேன், துடைத்தேன், ஊசி கொதிக்க வைத்தேன், சவரம் செய்தேன், கட்டுப் போட்டேன், பிறகு ட்யூப் போடக் கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்தேன், பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ட்யூப் போடுவதைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யார் சொல்வார்கள்? நோயாளி மூச்சை இழுத்து விடுவதற்குள் என் ட்யூப் உள்ளே போய் மூத்திரம் பையில் இறங்கிவிடும். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வண்டி அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கையால் மாடி வீடு கட்டினேன், மகளை நர்சிங் படிக்க வைத்தேன். பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அங்கே வந்தார்கள், போனார்கள். நான் இருந்தேன்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. வருகிறவர் கூலிக்காரராக இருந்தாலும் பண்ணையாராக இருந்தாலும் 'சார்'தான். முதலில் கதவைச் சாத்துவார். திரையை இழுத்துவிடுவார். பிறகு தன் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளிக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில், பஸ்ஸில் உட்காருகிற மாதிரி உட்காருவார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "இந்த விஷயம் பேசறவங்களுக்கு எதிர்ல ஒரு முகம் இருக்கக் கூடாது, பக்கிரி" என்பார். தொடுவதற்கு முன் கையை விளக்குக்கு அடியில் காட்டிச் சூடு பண்ணிக்கொள்வார். எனக்கு அவர் போட்டது ஒரே சட்டம். "கதவுக்கு உள்ள பாத்தது கதவோட சரி. சொந்தக்காரங்களுக்குத் தெரியணும்னா நோயாளி வாயாலதான் தெரியணும். நாம சொல்லக் கூடாது." நான் இங்கே எழுதுகிறவர்களின் பெயர்கள் எதுவும் நிஜப் பெயர் இல்லை.

சேர்ந்த புதிதில் வந்தவர்களெல்லாம் கல்லடைப்பு, விரைவீக்கம், யானைக்கால் என்று வந்தார்கள். வைத்தியம் பார்த்தோம், போனார்கள். பிறகு காலம் மாறியது. தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத், வீட்டுக்கு வீடு கேபிள் டிவி. ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் நாற்றுப் பறிக்க வேண்டிய பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு சவுதிக்கும் துபாய்க்கும் கிளம்பினார்கள். அங்கே ஓர் அறையில் பத்துப் பேர், குளிக்கிற இடம் ஒன்று. அவனவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்ப்பது, தன்னைப் பார்ப்பது, கவலைப்படுவது. லீவில் ஊருக்கு வந்தால் அதற்குள் பெண் பார்த்து, தாலி கட்டி, திரும்பவும் விமானம் ஏற வேண்டும். இருக்கிற கொஞ்ச நாளில் தான் ஆம்பளை என்று நிரூபிக்க வேண்டுமாம். யார் கேட்டார்கள்?

இவர்களுக்காகவே ஊர்ச் சுவரெல்லாம் விளம்பரம் முளைத்தது. பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் மாதம் ஒருமுறை அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள் எண்ணெய் விற்றார்கள், பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய் போட்டு மாடு கறப்பதுபோல அடியிலிருந்து நுனிக்கு உருவ வேண்டும். இதற்குத் தினமும் அரை மணி நேரம். நம் ஆள் முக்கால் மணி உருவுவான். தோல் வழன்று, நரம்பு புடைத்து எங்களிடம் வருவான். வந்து என்ன கேட்பான்? "சரியாத்தான் பண்றேனா டாக்டர்?"

டாக்டர் இப்படி வருபவரை எழுப்பி அறையில் இருந்த பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்துவார். "சார், மேல இருந்து குனிஞ்சு உங்களுதைப் பாக்கறீங்க. மத்தவங்களுதை எதிர்ல இருந்து பாக்கறீங்க. குனிஞ்சு பாத்தா எதுவுமே குட்டையாத்தான் தெரியும். இப்பக் கண்ணாடியில பாருங்க." பார்ப்பார்கள். பாதிப் பேர் முகம் அங்கேயே தெளிந்துவிடும். அவர்களுக்கு வைத்தியமே அந்தக் கண்ணாடிதான். மீதிப் பேருக்கு டாக்டர் சொல்வதை நான் இத்தனை வருஷம் கேட்டு மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன். போனைக் காட்டுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

கை என்பது தசை. மூட்டை தூக்கினால் பெருக்கும். என் கை அப்படிப் பெருத்ததுதான். ஆனால் ஆண்குறி அந்த மாதிரித் தசை இல்லை. உள்ளே பஞ்சுபோல அறை அறையாக இருக்கும். ரத்தம் வந்து அந்த அறைகளில் நின்றால் விறைக்கும், வடிந்தால் சுருங்கும். அதைச் சுற்றி ஓர் உறை. வயதுக்கு வந்து வளர்ந்து முடிந்த பிறகு அந்த உறையின் அளவு அதுதான். உருவினால் என்ன ஆகும்? அப்போதைக்கு ரத்தமும் நீரும் வந்து தேங்கிக் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். கொசு கடித்த இடமும்தான் தடிக்கிறது. அதை யாரும் வளர்ச்சி என்று சொல்வதில்லை. தினமும் போட்டு இழுத்தால் உறையில் நுணுக்கமாகக் கிழியும். கைத்தசை கிழிந்தால் ஆறும்போது பெருக்கும். இது கிழிந்தால் ஆறும்போது தழும்பாகும். தழும்பு நீளாது. அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும், வலிக்கும், விறைப்பும் போகும். பெரிதாக்கப் போனவன் இருந்ததையும் கெடுத்துக்கொண்டு வருவான்.

பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒண்ணுக்குப் போகும்போது நடுவில் அடக்குகிறோமே, அந்தத் தசைக்கு. அதை இறுக்கி இறுக்கி விடுவதை ஆபரேஷன் ஆனவர்களுக்கு டாக்டரே சொல்லிக் கொடுப்பார். மூத்திரம் தானாகச் சொட்டுவது நிற்கும், சிலருக்கு விறைப்புக்கும் நல்லது. அளவு கூடுமா? கூடாது. கோணிப் போனவர்களுக்கு மாட்டுகிற கருவி ஒன்று வந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். "மாசக்கணக்கா, டாக்டர் மேற்பார்வையில மாட்டினாலும் அதுல கெடைக்கறது நகக்கண் அளவு" என்பார். நகக்கண் அளவுக்கு யார் இந்தப் பாடுபடுவது?

ஆனால் படுகிறார்களே! மாயவரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார். அதற்குள் பயிற்சியில் பலன் தெரிய வேண்டுமாம். டாக்டர் அவரைக் கண்ணாடி முன் நிறுத்தினார். தொந்திதான் தெரிந்தது. "சார், இது குறையல. தொந்திக்கு அடியில போயிட்டுது. தொந்தியைக் குறைச்சா தானா வெளிய தெரியும்" என்றார் டாக்டர். "அதுக்கு எண்ணெய் இருக்கா?" என்று கேட்டார் பெரியவர். சபுராளி ஒருவர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய் வருபவர், காற்றை உறிஞ்சுகிற பம்பு ஒன்றை வாங்கி வந்திருந்தார். விமான நிலையத்தில் என்னவென்று கேட்டதற்கு ஆஸ்துமா மிஷின் என்று சொல்லித் தப்பித்தாராம். வீட்டில் அதை மாட்டி, கைவலிக்க அடித்து, ரத்தம் கட்டி நாவல்பழமாக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு ஐஸ் வைத்துக்கொண்டு நின்றவன் நான். கேட்கிறார், "நாளைக்கு ஐஸ் எடுத்ததும் திரும்ப மாட்டலாமா?"

இவர்களெல்லாம் பரவாயில்லை என்று ஆக்கியவன் செல்வமணி.

அவன் கோடியக்கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சவுதியில் வேலை. லீவில் வந்திருந்தான். மாமா மகள் மல்லிகாவோடு கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு வாரத்தில் முகூர்த்தம். ஒரு பிற்பகலில் அவனைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து இறங்கியவர் மல்லிகாவின் அண்ணன் கலியமூர்த்தி. நல்ல கடல் உடம்பு. "கல்லடைப்புங்க. காலையிலேருந்து ஒண்ணுக்குப் போகல" என்றார். செல்வமணி தலையை ஆட்டினான். அடிவயிறு பானையாக இருந்தது. ஆனால் நடை கல்லடைப்பு நடை இல்லை. காலை அகட்டி அகட்டி வைத்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கதவைச் சாத்தினோம். கைலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். டாக்டர் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். "சார், வலியைவிட வெக்கம் பெருசுன்னா இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம். ஆனா உள்ள இருக்கற மூத்திரம் காத்திருக்காது." அவன் கைலியை விட்டான்.

நான் எவ்வளவோ பார்த்தவன். எனக்கே ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. நுனிப் பக்கம் ஊதி, நீலம் பாரித்து, தொட்டால் ஐஸாக இருந்தது. நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சதை மேலே மூடிவிட்டது.

"என்ன கட்டினீங்க, சார்?"

"தங்கூசி."

மீன் வலை பின்னுகிற பிளாஸ்டிக் நரம்புக்குத்தான் அந்தப் பெயர். மெல்லக் கேட்டதில் எல்லாம் வந்தது. சவுதியில் கூட இருந்தவன் ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கொடுத்திருக்கிறான். மாசக்கணக்கில் கறந்தாயிற்று. அடுத்த பாடம் எடை தொங்கவிடுவது. கல்யாணம் நெருங்குகிறது என்று லீவில் வந்து அதை ஆரம்பித்திருக்கிறான். எடைக்கு எங்கே போவது? மாமா வீட்டு வாசலில் வலை கிடந்தது. வலை தண்ணீரில் அமிழ்வதற்காக அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக் குண்டுகளில் இரண்டைக் கழற்றிக்கொண்டான். தங்கூசியால் கட்டினான். கட்டிய முடிச்சு வலையில் ஈயம் கட்டுகிற முடிச்சு. பிறந்ததிலிருந்து கை பழகிய முடிச்சு. எடை இழுக்க இழுக்க இறுகும், நனைந்தால் இன்னும் இறுகும், எந்த அலைக்கும் அவிழாது. கை அதைத்தான் போட்டது. பிறகு அவனாலேயே அவிழ்க்க முடியவில்லை. தொங்கிய குண்டுகளை அறுத்துப் போட்டுவிட்டான். சுற்றியிருந்த தங்கூசிப் பக்கம் கத்தியைக் கொண்டுபோகப் பயம்.

"அப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்று நான்தான் கத்திவிட்டேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

செல்வமணி சொன்னான்: "ஊதிச்சு. பலன் தெரியுதுன்னு விட்டுட்டேன்."

கடவுளே! உயிர் போகிற வீக்கத்தைப் பார்த்து ஒருவன் சந்தோஷப்பட்டு ஒரு ராத்திரியைக் கழித்திருக்கிறான்.

அதோடு முடிந்ததா? டாக்டர் அடியில் மரத்துப்போகிற ஊசி போட்டார். வீக்கத்தைக் கையால் அமுக்கி வடியவிட்டால்தான் தங்கூசி கண்ணுக்குத் தெரியும். நான் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அதன் மேல் சுற்றப் போனேன். செல்வமணி என் கையைப் பிடித்தான். "அண்ணே, தங்கூசியை மட்டும் எடுங்க. வீக்கத்தைக் கொறைக்காதீங்க. ரொம்ப கஷ்டப்பட்டு வந்தது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துணியை அவன் வாயில் அடைத்திருப்பேன். டாக்டர் அசரவில்லை. கட்டைவிரலை அந்த வீக்கத்தில் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தார். விரல் எடுத்த இடத்தில் குழி நின்றது. "எட்டிப் பாருங்க சார். வளந்த சதையா இருந்தா குழி விழாது. இது தேங்கின தண்ணி. உங்க பக்கம் யானைக்கால் வந்தவங்களைப் பாத்திருப்பீங்களே?"

"பாத்திருக்கேன்."

"அந்தக் கால் பெருசாத்தான் இருக்கு. அதை வச்சு அவங்க வேகமா ஓடறாங்களா?"

அவன் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கையை விட்டான்.

துணியைச் சுற்றி, நுனியிலிருந்து அடிப்பக்கமாக, விரலை எடுக்காமல் அழுத்தினேன். என் பிடி மூட்டை தூக்கின பிடி. ஆனாலும் அன்று முட்டையைப் பிடிக்கிறதுபோலப் பிடித்தேன். மெல்லமெல்ல வீக்கம் இறங்கி, பள்ளத்தின் அடியில் பச்சை நிறத்தில் தங்கூசி தெரிந்தது. ஒரு சுற்று இல்லை, பல சுற்று. டாக்டர் தட்டையான மெல்லிய கம்பி ஒன்றை தங்கூசிக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்தார். கம்பிக்கு மேலே வைத்துத்தான் கத்தியால் அறுக்க வேண்டும். வழுக்கினால் கம்பி தாங்கும். முதல் சுற்று டக்கென்று விட்டது. அவர் உடனே அடுத்ததுக்குப் போகவில்லை. கம்பியை எடுத்து, துடைத்து, மறுபடி நுழைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் இதே மாதிரி. கடைசி முடிச்சு வந்ததும் தட்டில் போட்டார். நீலம் மாறிச் சிவப்பு வர ஆரம்பித்தது. ட்யூப் போடுவது என் முறை. வீங்கிக் கிடக்கிற இடத்தில் போடுவது எல்லோராலும் ஆகாது. நான் போட்டேன், இறங்கியது. பை நிறைந்து இன்னொரு பை மாட்டினேன்.

"பொழைச்சுது, சார்" என்றார் டாக்டர். "சுத்தித் தழும்பு நிக்கும். உணர்ச்சி மெதுவாத்தான் திரும்பும். நான் சொல்ற வரைக்கும் எதுவும் கூடாது. வாரக்கணக்கு ஆகும்."

நான் வெளியே வந்தேன். கலியமூர்த்தி வாசல் தூணில் சாய்ந்து நின்றார். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"கல்லு வந்துச்சா?"

"டாக்டர் பாத்துட்டாரு. இனி பயமில்ல."

"அண்ணே, என்னை முட்டாப்பயன்னு நெனைக்காதீங்க. கல்லடைப்புக்கு அந்த எடத்துல எதுக்கு அவ்ளோ கட்டு? கதவு தொறந்தப்ப பாத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "வெளிநாட்டுல வாங்கிட்டு வந்த வியாதியா? எய்ட்சா?"

அப்போது அந்தப் பெயரைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். வாயால் சொல்ல எல்லோரும் பயந்தார்கள். இல்லை என்று நான் சொல்ல முடியாது. இல்லை என்றால் பின்னே என்ன என்பார். "அவருகிட்டயே கேளுங்க" என்றேன்.

"நீங்க சொல்லலேன்னா அதுதான்னு அர்த்தம். எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி. ஊருக்குப் போறேன். கல்யாணம் கெடையாது."

உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன். செல்வமணி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். அவன் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

"அந்த வியாதின்னே நெனச்சுட்டுப் போவட்டும்ணே. ஈயம் கட்டித் தொங்கவிட்டேன்னு தெரிஞ்சா சாவுற வரைக்கும் படகுல ஏற முடியாது. பேரே ஈயம்னு வச்சிருவானுங்க."

வியாதிக்காரன் என்றால் பரவாயில்லை. சிரிப்பார்கள் என்றால் ஆகாது. இப்படியும் ஒரு ஆண் ஜாதி! டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அவ்வளவுதான்.

"சார், நீங்க அடுத்த மாசம் ப்ளைட் ஏறிடுவீங்க. அந்தப் பொண்ணு ஊர்லதான் இருக்கணும். அந்த வியாதிக்காரனுக்குப் பேசி நின்னுபோன பொண்ணுன்னு. உங்களைப் பாத்து ஊரு ஒரு மாசம் சிரிக்கும். அவங்களைப் பாத்து எவ்வளவு நாள் பேசும்? நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் முடிவு பண்ணணும்."

செல்வமணி கண்ணைத் திறந்தான். பிறகு, "மச்சானைக் கூப்பிடுங்கண்ணே" என்றான்.

பஸ்ஸுக்குக் கிளம்பியவரைத் தெருமுனையில் பிடித்து இழுத்து வந்தேன். செல்வமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லி முடித்தான். கலியமூர்த்தி நம்பவில்லை. "கதை வுடாத மாப்ள. எந்த மடையனாவது அதுல ஈயத்தைக் கட்டுவானா?"

"அண்ணே, அந்தத் தட்டைக் காட்டுங்க" என்றான் செல்வமணி. காட்டினேன். கலியமூர்த்தி தட்டைக் கையில் வாங்கி, அறுந்த தங்கூசியை விரலால் புரட்டி, முடிச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் மாறியது. முதலில் அவர் கேட்டது வெட்கத்தைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ இல்லை.

"ஏன்டா, ஈய முடிச்சா போட்டே? இழுத்தா அவுர்ற உருவு முடிச்சுப் போடக் கூடாதா? கடல்ல பொறந்தவன்தானேடா நீ?"

"கை தானாப் போட்டுருச்சு மச்சான்."

கலியமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்தார். முடிச்சைத் தட்டில் திரும்பப் போட்டார். "வியாதி இல்லேன்னு நம்பறேன். ஆனா கல்யாணத்தை நான் முடிவு பண்ண முடியாது. கட்டிக்கப் போறவ அவ. அவளே வந்து கேக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை கலியமூர்த்தியோடு மல்லிகா வந்தாள். மீன் ஏலத்துக்குப் போய்விட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். கூடையை வராந்தாவில் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணன் வழியிலேயே எல்லாம் சொல்லியிருந்தார். டாக்டர் செல்வமணியிடம், "நான் இவங்ககிட்ட பேசலாமா, சார்?" என்று கேட்டார். அவன் தலையசைத்தான்.

"இது ஒட்டுற வியாதியா டாக்டர்?"

"இல்லம்மா."

"புள்ளகுட்டிக்குப் பாதகமா?"

"ஆறிட்டா இருக்காது. கொஞ்ச நாள் விலகி இருக்கணும். அதுக்கப்பறம் இந்த மாதிரி வேலை எப்பவும் கூடாது."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "வலையில ரெண்டு ஈயம் கொறையுதுன்னு என்னைத் தெருவுல நிக்க வச்சு அந்த ஏச்சு ஏசினியே?"

அவள் கட்டில் பக்கம் போய் நின்றாள்.

"யாருக்காவ இந்த வேலை பாத்தீங்க?"

"உனக்காவத்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

நான் கட்டுத்துணியை மடிக்கிற மாதிரி நின்றேன். எனக்கு மண்டையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! லாட்ஜ் வைத்தியனைக் கேட்டவன் உண்டு, ரூமில் கூடப் படுத்தவனைக் கேட்டவன் உண்டு, புத்தகத்தைக் கேட்டவன் உண்டு, பந்தியில் என்னைக் கேட்கிறவன் உண்டு. கேட்க வேண்டிய ஆளைக் கேட்டுவிட்டு வந்தவன் ஒருத்தன் கிடையாது.

"கல்யாணம் நடக்கும்" என்றாள் மல்லிகா. "பத்திரிகை குடுத்தாச்சு. டாக்டரு சொல்ற வரைக்கும் இவரு தனியாப் படுக்கட்டும். நீ யாருகிட்டயாவது வாயைத் தொறந்தே, உன் வண்டவாளத்தையும் நான் சொல்லுவேன்." கடைசி வாக்கியம் அண்ணனுக்கு.

செல்வமணிக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. மெல்லக் கேட்டான்: "சரி, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"அந்த சிகரெட்டை வுட்டுத் தொலைங்கன்னு சொல்லியிருப்பேன். நிச்சயத்தன்னிக்குப் பக்கத்துல நிக்க முடியல, அப்படி நாத்தம். அதைக் கொறைக்கறதுக்கு ஒரு பயிற்சியும் பண்ணக் காணோம்."

"நானும் அதையேதான் எழுதிக் குடுக்கறதா இருந்தேன்" என்றார் டாக்டர். "ரத்தம் ஒழுங்கா ஓடணும்னா முதல்ல விட வேண்டியது அதுதான்."

செல்வமணி தலையணைக்கு அடியில் கையை விட்டு, பிரிக்காத வெளிநாட்டு பாக்கெட் ஒன்றை எடுத்தான். அவளிடம் கொடுப்பதா, மச்சானிடம் கொடுப்பதா என்று தெரியாமல் என்னிடம் நீட்டினான். நான் ஜன்மத்தில் சிகரெட்டைத் தொட்டவன் இல்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ட்யூப் பையை மாற்றப் போனேன்.